வாசகர் கேள்வி – பதில்: மதுக்கடைக் கல்லாவில் வயதுச் சான்று

மது வாங்க வருபவரிடம் வயதுச் சான்று கேட்பது குறித்துப் பல நாடுகளிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்கள் இந்த இதழுக்கு வந்துள்ளன. ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் அவை இங்கே சேர்த்துத் தரப்படுகின்றன. குடி நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் இப்பகுதி போகவில்லை. விற்பவரும் வாங்குபவரும் அறிந்திருக்க வேண்டிய விதிகளும் அவை நடைமுறையில் இயங்கும் முறையும் மட்டுமே இங்கு பேசப்படுகின்றன.

கேள்வி: இங்கிலாந்தில் முதுகலை படித்துக்கொண்டே, ஈழத்தமிழர் ஒருவர் நடத்தும் ஆஃப்லைசன்ஸ் கடையில் (மதுவை வாங்கி வெளியே எடுத்துச் செல்லும் கடை) மாலை வேளைகளில் கல்லாவில் நிற்கிறேன். 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் யாராக இருந்தாலும் அடையாள அட்டை கேட்க வேண்டும் என்கிறார் முதலாளி. வாடிக்கையாளர்களோ, ‘சட்டம் 18 என்கிறது, நீ 25 என்கிறாயே’ என்று சண்டைக்கு வருகிறார்கள். யார் சொல்வது சரி? தவறு நேர்ந்தால் தண்டனை எனக்கா, அவருக்கா? எந்தெந்த அட்டைகளை ஏற்கலாம்? (ஒரு மாணவர், கோவென்ட்ரி)

பதில்: இரு தரப்பாரும் சொல்வது சரிதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி மது வாங்கும் வயது 18. ஆனால், 2010 அக்டோபர் முதல், உரிமம் பெற்ற ஒவ்வொரு கடையும் வயதைச் சரிபார்ப்பதற்கான கொள்கை ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது உரிமத்தின் கட்டாய நிபந்தனை ஆகிவிட்டது. 18 வயதுக்குக் குறைவாகத் தோன்றுவோரிடம் மட்டும் கேட்பதா, அதைவிட உயர்ந்த ஒரு வயதை எல்லையாக வைத்துக்கொள்வதா என்பதைக் கடையே முடிவு செய்யலாம். ‘சேலஞ்ச் 25’ என்று கடைக் கதவில் ஒட்டியிருப்பது அந்த முடிவைத்தான். உங்கள் கடையின் உரிமப் பத்திரத்திலேயே அது எழுதப்பட்டிருந்தால், பிறகு அது முதலாளியின் விருப்பம் சார்ந்தது ஆகாது. மீறினால் உரிம நிபந்தனையை மீறியதாகும். ஸ்காட்லாந்தில் இந்தக் குழப்பமே எழாது. 2011 அக்டோபர் முதல் 25 என்ற எல்லையைச் சட்டமே விதித்திருக்கிறது. பதினேழு வயதுக்காரரையும் பத்தொன்பது வயதுக்காரரையும் முகம் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, கண் தவறினாலும் விற்பனை தவறாதபடி ஏழு ஆண்டுகளை இடைவெளியாக விட்டிருக்கிறார்கள்.

தண்டனை முதலில் உங்களுக்குத்தான். கல்லாவில் நின்று விற்றவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாவார். காவல்துறை இடத்திலேயே 90 பவுண்டு அபராதச் சீட்டு கொடுக்கலாம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. ஒரே கடையில் மூன்று மாதங்களுக்குள் இரண்டு முறை இப்படி விற்பனை நடந்தால் அது தொடர்ந்து விற்ற குற்றமாகி உரிமதாரர் மாட்டிக்கொள்வார், உரிமமும் மூன்று மாதம் வரை நிறுத்திவைக்கப்படலாம். உங்கள் முதலாளியின் கண்டிப்புக்கு இதுவே காரணம். சட்டம் உங்களுக்கு ஒரு தற்காப்பையும் தந்திருக்கிறது. வயதுச் சான்றைக் கேட்டீர்கள், காட்டப்பட்ட சான்று நியாயமான எவரையும் நம்பவைத்திருக்கும், நீங்களும் நம்பினீர்கள் என்று நிரூபித்தால் தப்பலாம். கேட்கவே இல்லை என்றால், ‘பார்க்கப் பெரியவராகத் தெரிந்தார்’ என்று சொல்வது பெரும்பாலும் எடுபடாது. உள்ளாட்சி மன்றத்தின் வணிகத் தரக் கண்காணிப்பு அதிகாரிகள் 18 வயது நிரம்பாத தன்னார்வலர்களை வாடிக்கையாளர்போல் அனுப்பிச் சோதிப்பதுண்டு. வயதைக் கேட்டால் பொய் சொல்லாதே என்றுதான் அந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சொல்லி அனுப்புவார்கள். ஆகவே, அந்தச் சோதனையில் தவறுபவர்களில் பலர் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டவர்களே. மறுத்த ஒவ்வொரு விற்பனையையும் தேதி, நேரம், காரணம் ஆகியவற்றோடு கல்லாவுக்கு அருகிலுள்ள மறுப்புப் பதிவேட்டில் அன்றன்றே எழுதிவையுங்கள். அதிகாரி வந்தால் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பதிவேடாகத்தான் இருக்கும்.

அட்டைகளைப் பொறுத்தவரை, புகைப்படம், பிறந்த தேதி, இவற்றோடு ஹோலோகிராம் அல்லது புற ஊதா ஒளியில் தெரியும் குறி ஆகியவை இருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ‘பாஸ்’ (PASS) என்ற தேசியத் தர முத்திரை உள்ள வயதுச் சான்று அட்டை ஆகிய மூன்றும் போதும். பல்கலைக்கழக அட்டையை ஏற்காதீர்கள். ஆதார் அட்டையை நம்மவர் நீட்டுவதுண்டு. கடையின் பட்டியலில் அது இல்லையென்றால் பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அட்டையைப் பர்ஸின் கண்ணாடித்தாளுக்குள் வைத்தே பார்க்காமல், வெளியே எடுத்துத் தரச் சொல்லிக் கையில் வாங்கிப் பாருங்கள். புகைப்படத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் மேலே ஒட்டிய படம் தட்டுப்படும்.

பிரித்தானிய ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு வசதியும் உண்டு. உரிம எண்ணில், குடும்பப் பெயரின் ஐந்து எழுத்துகளுக்குப் பின் வரும் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியைச் சொல்கின்றன. முதல் இலக்கம் பிறந்த ஆண்டின் பத்தாம் இடம், அடுத்த இரண்டு மாதம், அடுத்த இரண்டு நாள், கடைசி இலக்கம் ஆண்டின் ஒன்றாம் இடம். பெண்ணாக இருந்தால் மாதத்தின் முதல் இலக்கத்தோடு ஐந்து கூட்டியிருப்பார்கள். 2009 மார்ச் 14 அன்று பிறந்த ஆணுக்கு 003149, பெண்ணுக்கு 053149. பிறந்த ஆண்டை 2005 என்று திருத்தியவர் எண்ணின் கடைசியிலுள்ள ஒன்பதைத் திருத்த மறந்திருப்பார். வரிசையில் ஆட்கள் நிற்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க முடியாதுதான். சந்தேகம் வந்த அட்டைக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

அங்குள்ள நம் மாணவர்கள் பலர் முன்பு குடியிருப்பு உரிம அட்டையைக் காட்டுவார்கள். அவை 2024 இறுதியோடு காலாவதியாகி, விசா இணையப் பதிவாக மாறிவிட்டது. பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைய விரும்பாதவர்கள் தற்காலிக ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். வண்டி ஓட்டக் கற்கும் எண்ணம் இல்லாதவர்களும் அடையாள அட்டையாக அதை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குடும்பமாக நடத்தும் நம் கடைகளில் இது அடிக்கடி நடக்கிறது. முதலாளியின் பதினாறு வயது மகள் பள்ளி விட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தால், அவர் மது விற்கும் ஒவ்வொரு முறையும் பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் அந்த விற்பனைக்குத் தனித்தனியாக ஒப்புதல் தர வேண்டும். ‘நான் பின்னால் கிடங்கில் இருந்தேன்’ என்பது ஒப்புதல் ஆகாது. வெளியே நிற்கும் சிறுவர்களுக்காகப் பெரியவர் ஒருவர் வாங்கினால் குற்றம் அவருடையது. உங்களுக்குத் தெரிந்தே நடந்தால் உங்களுடையதும்கூட. பேரனைக் கூட்டிக்கொண்டு வாரச் சாமான் வாங்க வந்த பாட்டி ஒரு வைன் புட்டியையும் எடுத்தால் அதில் குற்றம் எதுவும் இல்லை.

கேள்வி: எங்கள் ஊரில் அடையாள அட்டை இல்லாமல் வீட்டுப் படலையைத் தாண்ட முடியாத காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு மதுபானக் கடையில் ஒருவரும் அதைக் கேட்பதாகத் தெரியவில்லை. இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லையா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: சட்டம் இருக்கிறது. புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைக்கான 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்பதைத் தடை செய்கிறது. வயதைச் சரிபார்ப்பதும் இலங்கையில் மிக எளிது, ஏனென்றால் அடையாள அட்டை இலக்கமே பிறந்த நாளைச் சொல்லிவிடும். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படும். 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க முறையில் ஆண்டு முழுதாக நான்கு இலக்கங்களில் வருகிறது. இலக்கம் 2005561 என்று தொடங்கினால், வைத்திருப்பவர் 2005 மார்ச் முதலாம் தேதி பிறந்த பெண். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் என்று கணக்கிடுவதால் மார்ச் முதலாம் தேதி எல்லா ஆண்டுகளிலும் 61ஆம் நாள்தான். நெட்டாண்டா (லீப் ஆண்டா) என்று யோசிக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன பிரித்தானிய உரிம எண்ணின் தந்திரமும் இதுவும் ஒரே வகை என்பதை ஆசிரியரான நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பதினாறு வயதையொட்டிச் சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவரிடமே அடையாள அட்டை இருக்கும். அட்டை இருக்கிறது என்பதாலேயே 21 ஆகிவிட்டது என்று கொள்ள முடியாது. கடைக்காரர் இலக்கத்தைப் படித்தாக வேண்டும்.

இலங்கையில் இன்னொரு விதி உண்டு. பெண்களுக்கு மதுக்கடையில் விற்கக் கூடாது என்று பல பத்தாண்டுகளாக இருந்த தடையை 2018 ஜனவரியில் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறச் செய்தார். வயதைக் காக்க வேண்டிய விதி கண்டுகொள்ளப்படாமல் கிடக்க, நாற்பது வயதுப் பெண்ணைத் தடுக்கும் விதிக்காக நாட்டின் தலைவரே தலையிட்டார். எந்த விதிக்கு எவ்வளவு அக்கறை காட்டப்படுகிறது என்பதை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, மருமகனோடு பல்பொருள் அங்காடியில் வைன் வாங்கப் போனேன். எனக்கு வயது 68, தலை முழுவதும் நரை. கல்லாவில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். இந்திய ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன்; ஏற்கவில்லை. இது நிறத்தைப் பார்த்துச் செய்ததா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: அந்தப் பெண்ணின் மனத்தில் என்ன இருந்தது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் இதற்கு வேறு காரணம் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் மது விற்பனை மாநிலங்களின் அதிகாரத்தில் வருவது. 1984இல் ஒன்றிய அரசு, வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் 10 சதவீதத்தைப் பிடித்துவைப்போம் என்று சட்டம் போட்டது. தெற்கு டகோட்டா அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 1987இல் தோற்றது. அடுத்த ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களும் 21க்கு வந்துவிட்டன. வயது இப்படி ஒன்றானாலும், யாரிடம் சான்று கேட்பது என்பது மாநிலத்துக்கு மாநிலம், கடைக்குக் கடை வேறுபடுகிறது. இந்தியானா மாநிலம் 2010 ஜூலையில், கடையில் மது வாங்கிச் செல்லும் அனைவரிடமும், வயது எவ்வளவானாலும், சான்று கேட்டே ஆக வேண்டும் என்று விதித்தது. உங்களைப் போன்ற தாத்தாக்களும் பாட்டிகளும் கொதித்துப் போக, அடுத்த ஆண்டே 40 வயதுக்குக் குறைவாகத் தோன்றுவோரிடம் கேட்டால் போதும் என்று அதைத் தளர்த்தினார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களிலும் பெரிய அங்காடிகள் சில, எல்லோரிடமும் கேட்பதைத் தம் விதியாக வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட கடையில் பிறந்த தேதியை உள்ளிடாமல் கல்லா இயந்திரம் அடுத்த திரைக்கே போகாது. ஊழியரைப் பொறுத்தவரை, யாரைக் கேட்பது, யாரை விடுவது என்று தாமே முடிவெடுக்கும் சங்கடம் இல்லாமல் போகிறது. உண்மையில், நிறம் பார்த்துக் கேட்டார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இடம் தராத முறையும் இதுவே.

பெரும்பாலான மாநிலங்களில் 21 நிரம்பாதவர்களின் ஓட்டுநர் உரிமம் நெடுக்குவாக்கில் அச்சிடப்படுகிறது. படுக்கைவாக்கில் இருந்தால் பெரியவர் என்று எட்டத்திலிருந்தே தெரியும். உங்கள் இந்திய உரிமம் அந்த ஊழியருக்கு அறிமுகமே இல்லாதது. அதோடு தேதிச் சிக்கலும் உண்டு. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 21ஐ ஒட்டிய வயதில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதனால், நிரம்பியும் மறுப்பது, நிரம்பாமலே விற்பது என இருவகையிலும் தவறு நேரலாம். அடுத்த முறை போகும்போது அசல் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லுங்கள், நகல் செல்லாது. அல்லது மருமகனையே வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. சூரிச்சில் அங்காடியில் பியர் வாங்கி வந்திருக்கிறான். அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள் என்கிறான். பொய் சொல்கிறானா? (ஒரு தாய், சுவிட்சர்லாந்து)

பதில்: பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தில் பியருக்கும் வைனுக்கும் 16, காய்ச்சி வடித்த மதுவுக்கு 18. டிசினோ மாநிலத்தில் மட்டும் எல்லாவற்றுக்கும் 18. ஜெர்மனியிலும் 16, 18 என்ற இதே பிரிவு உண்டு. அங்கே 14 வயதுப் பிள்ளைகூட, பெற்றோர் உடனிருந்தால் பொது இடத்தில் பியர் அருந்தச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் அனுமதிப்பதை நீங்களும் வீட்டில் அனுமதிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கேள்வி: டோக்கியோவில் கல்லாவின் திரையில் ‘எனக்கு 20 வயது நிரம்பிவிட்டது’ என்ற பொத்தானை அமுக்கினால் போதும், மது கிடைத்துவிடுகிறது. இது என்ன சோதனை? (ஒரு மென்பொருள் பொறியாளர், ஜப்பான்)

பதில்: வாங்குபவர் தாமே அளிக்கும் உறுதிமொழி அது, சந்தேகம் வந்தால் ஊழியர் அட்டை கேட்கலாம். 2022 ஏப்ரலில் ஜப்பான் சட்டப்படி பெரியவராகும் வயதை 18 ஆகக் குறைத்தபோதும், மதுவுக்கான வயதை 20 ஆகவே வைத்துக்கொண்டது. பொத்தான் ஒருவரைத் தடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னால் வழக்கு என்று வந்தால், கேட்டோம் என்று சொல்ல அது கடைக்கு உதவக்கூடும்.

கேள்வி: ‘21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பனை இல்லை’ என்று டாஸ்மாக் கடைகளில் எழுதியிருக்கிறது. ஆனால் யாரும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. லண்டனில் முடிவது இங்கே ஏன் முடியவில்லை? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: முடியாது என்று சொல்வதற்கில்லை. கொரோனா ஊரடங்கின் இடையே, 2020 மே 7 அன்று சென்னை நீங்கலாகக் கடைகள் திறக்கப்பட்டபோது, 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை 10 முதல் பகல் 1 வரை, 40 முதல் 50 வயதுக்காரர்களுக்கு 3 மணி வரை, மற்றவர்களுக்கு 5 மணி வரை என்று வயதுவாரியாக நேரம் பிரித்தார்கள். ஆதார் எண்ணோடு ரசீது தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் நிபந்தனை விதித்திருந்தது. நிபந்தனைகள் காற்றில் பறந்ததால் மறுநாளே கடைகளை மூடச் சொன்ன நீதிமன்றத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் பின்னர் நிறுத்திவைத்தது. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்காகத்தான் என்றாலும், வயதைப் பார்த்து விற்பது என்ற எண்ணம் நிர்வாகத்துக்குப் புதியதில்லை என்பதை அது காட்டுகிறது.

தடை வேறிடத்தில் இருக்கிறது. கோவென்ட்ரி மாணவரின் கடையில், கேட்காமல் விற்றால் அவருக்கு அபராதம், முதலாளிக்கு உரிமம் போகும் என்ற அச்சம். இங்கே 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. உரிமத்தை யார், யாரிடமிருந்து பறிப்பது? எந்த வயது வரை தோன்றுவோரிடம் கேட்க வேண்டும், எந்த அட்டையை ஏற்க வேண்டும், மறுத்தால் எங்கே எழுத வேண்டும் என்ற எழுத்து வடிவ நடைமுறையோ, சோதனைக் கொள்முதலோ வழக்கத்தில் இல்லை. கம்பி வலைக்குப் பின்னால் நிற்கும் விற்பனையாளர், முண்டியடித்து நீளும் பத்துக் கைகளில் ஒன்றிடம் மட்டும் அட்டை கேட்டு வரிசையை நிறுத்தினால், அன்றிரவு கடையடைத்து வீடு திரும்பும்போது அவருக்குத் துணை நிற்பவர் யார்? அதற்கு விடை சொல்லாமல் விற்பனையாளரை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

எந்த அட்டை என்பதும் இங்கே சிக்கல்தான். ஆதார் அடையாளத்துக்கான சான்றே அன்றிப் பிறந்த தேதிக்கான சான்று ஆகாது என்று அதை வழங்கும் ஆணையமே 2023 டிசம்பரில் சுற்றறிக்கை விட்டது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், வயதைத் தீர்மானிக்கப் பள்ளி மாற்றுச் சான்றிதழே மேலானது என்றது. மதுக்கடைக்கு மாற்றுச் சான்றிதழை யாரும் கொண்டுவரப் போவதில்லை. ஓட்டுநர் உரிமமே நடைமுறைக்கு ஒத்துவரும். அதோடு வயது எல்லையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. புதுச்சேரியில் 18, கேரளத்தில் 23, டெல்லியில் 25. விற்பனை இடத்தில் வயதுச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கக் கோரும் பொதுநல மனு ஒன்றில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசின் பதிலைக் கேட்டது.

கேள்வி: ஸ்கார்பரோவில் சிறிய கடை நடத்துகிறோம். பியர், வைன் விற்க இப்போது அனுமதி கிடைத்திருக்கிறது. வாடிக்கையாளர்கள் ஹெல்த் கார்டைத்தான் நீட்டுகிறார்கள். அதில் படமும் பிறந்த தேதியும் இருக்கின்றனவே, ஏற்கலாமா? (கடை உரிமையாளர், கனடா)

பதில்: அதைக் கேட்காதீர்கள், அதை வைத்து விற்கவும் செய்யாதீர்கள். 2024 செப்டம்பர் 5 முதல் ஒண்டாரியோவில் உங்களைப் போன்ற கடைகளுக்கு இந்த வாய்ப்பு வந்தபோது, விதிகளும் கூடவே வந்தன. ஹெல்த் கார்டு மருத்துவ உரிமைக்கானது. அதன் பயன்பாட்டைத் தனியுரிமைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், நிரந்தர வதிவிட அட்டை, வண்டி ஓட்டாதவர்களுக்கான ஒண்டாரியோ புகைப்பட அட்டை ஆகியவை போதும். மாகாணத்தில் வயது 19. பக்கத்து கியூபெக்கிலிருந்து வரும் 18 வயது இளைஞர், ‘எங்கள் ஊரில் வாங்குகிறேனே’ என்று சொன்னாலும் உங்கள் கடையில் 19தான். கல்லாவில் நிற்கும் ஒவ்வொருவரும் ‘ஸ்மார்ட் சர்வ்’ பயிற்சிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். மாலையில் கைமாற்றி விட வரும் உங்கள் மைத்துனருக்கும் இது பொருந்தும். காலை 7 மணிக்கு முன்பும் இரவு 11 மணிக்குப் பின்பும் யார் எந்த அட்டையைக் காட்டினாலும் விற்க முடியாது.